பிடரி

வியலெட்டாவின் கடை இரண்டாம் மாடியில்,
பல் டாக்டருக்கும் வக்கீலுக்கும் நடுவில்.
வாசலில் பெயர்ப்பலகை கிடையாது.
வருகிறவர்களுக்கு அது பிடிப்பதில்லையாம்.

"உங்கள் இயற்கையான நிறம் என்ன?"
யோசித்தேன்.
பத்தொன்பது வயதில், சமையலறைத் தொட்டியில்
தோழி ஒருத்தி என் தலையில் மருதாணி கரைத்து ஊற்றினாள்.
அன்றிலிருந்து முப்பத்து நான்கு வருடம்
நானே அதைப் பார்த்ததில்லை.
செம்பு, அப்புறம் செர்ரி, அப்புறம் கோதுமை,
விவாகரத்து ஆன மாதம் மட்டும் கத்தரிக்காய்.
"அப்படியென்றால் எதைப் போல வேண்டும்?"
எதைப் போலவும் வேண்டாம் என்று சொல்ல வந்து
இருமினேன்.

முதல் கீமோவுக்குப் பதினேழாம் நாள்
குளியலறை வடிகால் அடைத்துக்கொண்டது.
கையுறை போட்டுத்தான் எடுத்தேன்
என்னுடையதையே.
தலைக்கு வந்தது தலைமுடியோடு போகட்டும் என்று
சத்தமாகச் சொல்லிச் சிரித்தேன்.
சிரித்து முடிந்த பிறகும்
குப்பை வாளியை மூட மனம் வரவில்லை.

ஒவ்வொரு விக்குக்கும் ஒரு பெண்ணின் பெயர்.
இங்கிரித் என் நெற்றியில் அரித்தாள்.
ரொமானா வங்கி மேலாளர்,
அவளிடம் கடன் கேட்கத் தோன்றியது.
டெல்ஃபினுக்கு இருபத்தைந்து வயது.
அவளுக்குக் கீழே என் கன்னங்கள்
வீடு மாறி நுழைந்த விருந்தாளிகள் போல
விழித்தன.

"முகத்துக்கு எடுப்பாக இருக்கிறதே" என்றாள் வியலெட்டா.
முகத்தை விடுங்கள்,
பின்னால் கண்ணாடி பிடியுங்கள் என்றேன்.

வூட்ச் நகரத்தில் பதினாறு வருடம்
டிராம் ஓட்டியவள் நான்.
என் முகத்தைப் பார்த்தது
தண்டவாளமும் மழையும்
குறுக்கே ஓடிய பையன்களும்தான்.
காலை ஐந்து இருபது வண்டியின் ரொட்டிக்கடைக்காரர்களுக்கு,
இரவுப்பணி முடிந்து தூங்கி வழியும் நர்ஸ்களுக்கு,
கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் தெரியும்
ஒரு பிடரி நான்.
கோதுமைக்கு மாறிய மறுநாள்
முன் இருக்கைப் பெரியவர் இறங்கும்போது தடுப்பைத் தட்டி
"புது டிரைவரா? முன்னவள் பிரேக்கை மெதுவாகப் பிடிப்பாள்,
பார்த்து ஓட்டம்மா" என்றார்.

அந்தப் பிடரியைத்தான் வாங்க வந்திருந்தேன்.

ஆனால் ஆறு மாதம் வண்டியைத் தொடக் கூடாது
என்பது டாக்டர் உத்தரவு.
கணக்குப் போட்டால், வேலைக்குத் திரும்பும் நாளில்
சொந்த முடியே இரண்டு விரற்கடை முளைத்திருக்கும்,
என்ன நிறத்தில் என்பது கடவுளுக்கே வெளிச்சம்.
இதை வியலெட்டாவிடம் சொல்லவில்லை.
ரொமானாவை எடுத்துக்கொண்டேன்.
காதுக்குக் கீழே கொஞ்சம் வெட்டச் சொன்னேன்.
கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டு
"இது வளராது, தெரியுமில்லையா?" என்றாள்.
தெரியும் என்றேன்.
"நிறைய பேர் மறந்துவிடுகிறார்கள்."

வீட்டுக்கு டிராமில் போனேன்.
ஓட்டியவன் காட்ஸ்பெர்,
டிப்போவில் எனக்குப் பக்கத்து லாக்கர்க்காரன்,
என் குடையை வாங்கிக்கொண்டு போய்
இன்னும் திருப்பித் தராதவன்.
ஏறியவளை அவன் கவனிக்கவில்லை.
முதல் இருக்கையில் உட்கார்ந்தேன்.
இத்தனை வருடத்தில் அங்கே உட்கார்ந்ததே இல்லை.

அவன் பிடரியில் புதிதாக மழித்த கோடு.
காதோரம் சவரக் காயம்,
அதன்மேல் ஒட்டிய செய்தித்தாள் துணுக்கை
எடுக்க மறந்திருந்தான்.
பாதி எழுத்து தெரிந்தது.
தட்டிச் சொல்லலாமா என்று கை போய்த் திரும்பியது.

சந்தைத் திருப்பத்தில் ஒரு சைக்கிள்காரன்
மயிரிழையில் தப்பினான்.
பிரேக் பிடித்ததில் எல்லோரும் முன்னால் சாய்ந்தோம்,
ரொமானா என்னைவிட ஒரு விரல் கூடுதலாக.

இழுத்து நேராக்கினேன்.
யாரும் பார்க்கவில்லை,
பின்னால் இருந்தவர்களைத் தவிர.